தோட்ட விடுதியை ஒப்படைக்கும் முன் வீட்டுச் சாமான்களை முற்றத்தில் விற்பது எப்படி?

இலங்கை மலையகத்தின் கொட்டகலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராகப் பணியாற்றிய உங்கள் தந்தை ஓய்வு பெறுகிறார். உத்தியோகத்தர் விடுதியை ஒப்படைத்துவிட்டு ஹட்டன் நகரில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோக வேண்டும். காலமெல்லாம் சேர்ந்த சாமான்களில் பாதிக்கு அங்கே இடமில்லை. வெளிநாடுகளில் செய்வதைப்போல வீட்டு முற்றத்திலேயே ஒரு நாள் விற்பனை நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நடத்தலாம். ஆனால் வெளிநாடுகளில் முற்றத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வழிப்போக்கர்கள். உங்கள் முற்றத்துக்கு வரப்போகிறவர்களோ உங்கள் தந்தையைத் தினமும் கண்டு பழகியவர்கள். அவர்களுடைய சம்பளக் கணக்கை எழுதியவரின் வீட்டில் அவர்கள் பொருள் வாங்கப் போகிறார்கள். ஆகவே இங்கே விற்பனையின் வெற்றி, எவ்வளவு பணம் சேர்ந்தது என்பதைவிட, வந்தவர் ஒவ்வொருவரும் தமக்கு ஒரு விலை அடுத்தவருக்கு ஒரு விலை சொல்லப்படவில்லை என்ற நிறைவோடு திரும்பினார்களா என்பதில்தான் இருக்கிறது. நான் கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து பிறப்பவைதான்.

முதலில் உங்கள் தாயார் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தயக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். மலையகத்தில் வீட்டுச் சாமான்களை வெளியே வைத்து விற்பது என்றால், அந்தக் குடும்பம் நொடித்துப்போய்விட்டது அல்லது ஊரைவிட்டே போகிறது என்றுதான் பொருள்பட்டு வந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், வளர்த்த ஆடு மாடுகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கோச்சி (ரயில்) ஏறின; அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றே நம்மவர்கள் அழைத்தார்கள். அந்த நினைவு இன்னும் போகவில்லை. எனவே விற்பனைக்கான காரணத்தை நீங்களே முந்திக்கொண்டு எல்லோருக்கும் தெரியும்படி சொல்லிவிடுங்கள். “அப்பா ஓய்வு பெறுகிறார், நகரத்து வீடு சிறியது, அதனால் கொடுக்கிறோம்” என்ற ஒரு வாக்கியம் போதும். காரணம் சொல்லப்படாத இடத்தில் ஊர் தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும்.

அடுத்தது பிரித்தெடுக்கும் வேலை. இதற்குக் குறைந்தது மூன்று வாரமாவது வேண்டும். விடுதியில் உள்ள எல்லாத் தளபாடமும் உங்களுடையது அல்ல என்பதை மனத்தில் வையுங்கள். நிருவாகம் கொடுத்த கட்டில், மேசை, அலுமாரி ஆகியவை தோட்டத்தின் பொருட்பட்டியலில் இருக்கும். அவற்றின் பின்புறத்திலோ அடியிலோ இலக்கம் எழுதப்பட்டிருக்கக்கூடும். தந்தை விடுதியைப் பொறுப்பேற்ற நாளில் கையொப்பமிட்ட பட்டியலின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தோட்டத்தின் பொருட்களை ஒரே அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தவறுதலாக ஒரு கதிரை விற்றுப்போனாலும், ஓய்வு பெறும் வேளையில் அது வீண் மனவருத்தத்தைத் தரும்.

அலுமாரி, இழுப்பறை, பழைய தகரப்பெட்டி, புத்தகங்களின் இடையிதழ்கள் ஆகிய அனைத்தையும் கையால் துழாவிப் பாருங்கள். நம்முடைய வீடுகளில் பழைய பெட்டியின் அடியில்தான் பாட்டனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டு என்பவை இருக்கும். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த ஒரு தாள், மூன்று தலைமுறைக்குப் பிறகும் ஒரு பேரப்பிள்ளைக்குத் தேவைப்படலாம். பெட்டி விற்கப்படலாம், அதற்குள் இருக்கும் தாள் போனால் மீண்டும் வராது.

கொடுக்க வேண்டியவற்றை விற்பனைக்கு முன்பே கொடுத்து முடியுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவும், வீட்டுத் தோட்டத்தைக் கொத்திப் பராமரித்தவரும், தாம் தொட்டுத் துடைத்த பொருட்களைக் காசு கொடுத்து வாங்கும் நிலை வரக்கூடாது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, ஒரு வாரத்துக்கு முன்னரே, நல்ல நிலையில் உள்ளதையே கொடுங்கள். விற்பனை நாளில் எவருக்கும் இலவசமாக எதையும் கொடுக்காதீர்கள். அடுத்த நிமிடமே பக்கத்தில் காசோடு நிற்பவர் புண்பட்டுவிடுவார். இந்த ஒழுங்கு கடுமையாகத் தோன்றினாலும் நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

சிலவற்றை விற்கவே கூடாது. பழைய பங்களாக்களிலிருந்து கைமாறி வந்த யானைத்தந்தம், சிறுத்தைத் தோல் போன்றவை எவ்வளவு பழையவையாக இருந்தாலும், வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றின் விற்பனையைத் தடைசெய்கிறது. பலா, தேக்குப் பலகைகள் கொட்டிலில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தால், அவற்றை லொறியில் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மீதமிருக்கும் களைநாசினி, பூச்சிநாசினிப் போத்தல்களை விற்கவும் வேண்டாம், எவருக்கும் சும்மா கொடுக்கவும் வேண்டாம். நஞ்சு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எளிதாகப் போய்விடக்கூடாது. அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை மலையகத்தில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

திகதியைத் தீர்மானிப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இன்னும் மோசம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே உங்கள் பக்கத்து மலைச்சரிவுக்கு ஏற்றது. (பண்டாரவளை, பதுளைப் பக்கத்து உறவினர்கள் உங்களைப் பார்த்து இதையே செய்ய நினைத்தால், அவர்களுக்குக் கணக்கு வேறு, டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ்ப் பருவமழை அங்கேதான் கொட்டும், ஜூன், ஜூலை மாதங்கள் காய்ந்திருக்கும்.) மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் காலை வெயில் பளிச்சென்று இருந்தாலும் பிற்பகலில் இடியோடு மழை இறங்கிவிடும். ஆகவே எந்த மாதமாயினும் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பகல் பன்னிரண்டரைக்குள் முடிப்பதாகத் திட்டமிடுங்கள். மதியத்துக்குப் பின் மூடுபனி இறங்கினால் மரச்சாமானின் நிறமும் தெரியாது, வருகிறவரின் உற்சாகமும் இருக்காது.

கிழமையைப் பொறுத்தவரை ஞாயிறே சரி. சனிக்கிழமையும் கொழுந்து பறிக்கும் நாள். அத்துடன் சனிக்கிழமையில் இரும்பு வாங்கக்கூடாது என்று எண்ணுகிறவர்கள் பலர், உங்களிடமோ இரும்பு அலுமாரியும் இரும்புக் கட்டிலும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமையில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்க உங்கள் தாயாரே சம்மதிக்கமாட்டார். எல்லா ஞாயிறும் ஒன்றல்ல. பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியையொட்டிக் கிடைக்கிறது. அதை அடுத்து வரும் ஞாயிறுதான் உங்களுடைய நாள். மாத இறுதி ஞாயிற்றில் வைத்தால், வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் கூட்டத்தைத்தான் காண்பீர்கள். தீபாவளி முற்பணம் கிடைக்கும் வாரம் பணப்புழக்கம் உள்ள வாரம்தான். ஆனாலும் அதைத் தவிர்க்கச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பணம் பிள்ளைகளின் புத்தாடைக்கு உரியது, அதைப் பழைய பொருளுக்கு இழுப்பது நியாயமல்ல.

விலைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே வாங்கிய விலையை எழுதியிருக்கிறீர்கள். அதை மறந்துவிடுங்கள். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்து, அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அதற்கு முன் வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் நீங்கள் கொடுத்த விலை இன்றைய சந்தையில் எந்த அர்த்தமும் இல்லாத எண். இன்று அதே தரத்தில் புதியது என்ன விலை என்பதை ஹட்டன் கடைகளில் கேட்டோ, இக்மன் விற்பனை இணையத்தளத்தில் பார்த்தோ குறித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் மின்சாதனத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, மிக நன்றாக இருந்தால் அதிகபட்சம் பாதி. இதுவே நான் பின்பற்றும் கணக்கு. சோற்றுப்பானை, மின்னழுத்தி, கேத்தல் போன்ற சிறிய சாதனங்களை அதற்கும் குறைவாகப் போடுங்கள். பெரிய குழாய்த் திரையுள்ள பழைய தொலைக்காட்சிக்கு விலையே கிடையாது. அதை மின்னணுக் கழிவுக்குரிய ஒப்படைப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மரத்தளபாடம் வேறு கணக்கு. தேக்கு, பலா மரத்தில் செய்த பழைய மேசையும் கட்டிலும் இன்று கடையில் விற்கும் ஒட்டுப்பலகைத் தளபாடத்தைவிட நீண்டகாலம் உழைக்கும். அவற்றை மலிவாகக் கொடுக்க அவசியமில்லை. ஒரு தச்சரை அழைத்துக் காட்டினால், மரத்தையும் மூட்டுகளையும் பார்த்து நியாயமான விலையைச் சொல்லுவார். அதற்காக அவருக்கு ஒரு தொகை கொடுத்தாலும் நட்டமில்லை. பித்தளைக் குத்துவிளக்கு, செம்புக் குடம் ஆகியவற்றை நிறைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். நிறைக்குப் போகும் பித்தளை உருக்குவதற்குத்தான் போகும். ஒரு வீட்டுக்கு விளக்காகவே போகக்கூடிய பொருளை விளக்காகவே விற்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் தாயார் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள நினைத்தால் இன்னும் நல்லது.

முதலில் விற்றுப்போகும் பொருள் எது என்று பலரும் தவறாகக் கணிக்கிறார்கள். தொலைக்காட்சியோ சோபாவோ அல்ல. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, முதுகில் சுமந்து மருந்தடிக்கும் கருவி, தண்ணீர்ப் பீப்பாய், படங்கு, பூச்சட்டிகள் ஆகியவைதான் முதல் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் லயத்துக்கு (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு) முன்னால் மரக்கறிப் பாத்தி போடாத வீடு குறைவு. அவற்றை மூலையில் குவிக்காமல் வாசலருகே வையுங்கள். அம்மி, ஆட்டுக்கல் ஆகியவற்றைத் தூக்கிச் செல்லச் சிரமம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தையல் இயந்திரம் இருந்தால், எண்ணெய் போட்டு, ஒரு துணியைத் தைத்துக் காட்டும் நிலையில் வைத்தால் அது அன்றே போய்விடும்.

உடுதுணியில் கவனம் வேண்டும். அறிந்தவர் உடுத்திய சேலையையும் சட்டையையும் காசு கொடுத்து வாங்க நம்மவர்கள் கூசுவார்கள், ஆகவே அவற்றை விற்பனைக்கு வைக்காதீர்கள். கம்பளிச் சட்டை, ஜேர்சி, தடித்த மேலங்கி, கம்பளி ஆகியவை மட்டும் விதிவிலக்கு. நுவரெலியாவின் பேல் பஸாரில் குளிராடைக்குக் கேட்கும் விலையைப் பார்த்து, அதைவிடக் கணிசமாகக் குறைத்து வையுங்கள். அதற்கு முன் நல்ல வெயிலில் பல நாட்கள் உலர்த்துங்கள். மலைநாட்டு வீட்டில் அலுமாரிக்குள் கிடந்த துணிக்கும் மெத்தைக்கும் பூஞ்சை வாடை ஏறியிருக்கும். அந்த வீட்டுக்காரருக்கு அது பழகிப்போயிருக்கும், வெளியிலிருந்து வருகிறவருக்கு உடனே தெரியும். பூஞ்சை பிடித்த மெத்தையை விற்கவே வேண்டாம்.

ஒவ்வொரு பொருளிலும் விலையை எழுதி ஒட்டுங்கள். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். விலை எழுதப்படாத பொருளைப் பற்றி, கொழுந்து பறிக்கும் ஒரு பெண் கிளாக்கர் வீட்டு வாசலில் நின்று கேட்கமாட்டார். கேட்டால் “உனக்கு எதற்கு” என்ற பார்வை வரும் என்று அஞ்சி, பார்த்துவிட்டுப் போய்விடுவார். எழுதிய விலை அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை விலை எழுதும்போது நினைத்துக்கொள்ளுங்கள். 1,500 ரூபா என்று நீங்கள் யோசிக்காமல் எழுதும் ஒரு எண், ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு நாள் உழைப்பு. சிறிய பொருட்களை 50, 100, 200, 500 ரூபா என்று நான்கு மேசைகளில் பிரித்துவிட்டால் சில்லறைத் தகராறும் இருக்காது.

அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். பக்கத்துக் கிராமத்து மக்களும் நல்ல வாடிக்கையாளர்கள். திகதி, நேரம், காரணம், முக்கியமான ஏழெட்டுப் பொருட்களின் பெயர்கள் ஆகியவை போதும். கொழுந்து நிறுக்கும் மடுவம், கோயில் வாசல், சில்லறைக்கடை, ஆட்டோ தரிப்பிடம் ஆகிய இடங்களில் உரியவரிடம் கேட்டு ஒட்டுங்கள். பெரிய பொருட்களின் படங்களைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் விலையோடு போடலாம், ஆனால் முன்கூட்டியே எதையும் விற்றுவிடாதீர்கள்; நல்லதையெல்லாம் உத்தியோகத்தர் குடும்பங்கள் சனிக்கிழமையே எடுத்துக்கொண்டன என்ற பேச்சு எழுந்தால் ஞாயிறு காலையில் வருகிறவர்களுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அறிவித்து, வெளியாட்களின் வாகனங்கள் உள்ளே வருவதற்கு அனுமதியும் பெற்றுவிடுங்கள். காவல்காரருக்கும் தகவல் போகட்டும்.

அன்றைய ஏற்பாட்டில், மக்கள் வீட்டுக்குள் வர வேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லாவற்றையும் முற்றத்திலும் இஸ்தோப்பிலும் வையுங்கள், உள் அறைகளைப் பூட்டிவிடுங்கள். இது களவுக்குப் பயந்து சொல்வது மட்டுமல்ல. லயத்திலிருந்து வருகிறவர்கள் உத்தியோகத்தரின் வீட்டுப்படியேறத் தயங்குவார்கள். முற்றம் பொதுவிடம்போல இருந்தால் கால் தயங்காது. படலையைத் திறந்து வைத்து, உங்கள் தந்தையே முன்னால் நின்று, “வாங்க, பாருங்க” என்று ஒவ்வொருவரையும் அழைக்கட்டும். கண்ணாடி, பீங்கான் பொருட்கள் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மின்சாதனங்களை ஓடவிட்டுக் காட்ட ஒரு நீட்டிப்பு வயர் தயாராக இருக்க வேண்டும். குறை ஏதும் இருந்தால் விலைச்சீட்டிலேயே எழுதிவிடுங்கள். முற்றத்தின் ஒரு பாதிக்காவது படங்கு கட்டி வையுங்கள்.

வியாபாரிகள் விடியும் முன்னரே வந்து, “மொத்தமாக ஒரு விலை சொல்லுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்” என்பார்கள். அவர்களோடு மரியாதையாகப் பேசி, பதினொரு மணிக்குப் பிறகு வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களும் தேவைதான், ஆனால் முதல் வாய்ப்பு ஊராருக்கு உரியது. பேரம் பேசுவது நம் வழக்கம், அதைத் தடுக்க முடியாது. பதினொரு மணிவரை எழுதிய விலை, அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் நான்கில் ஒரு பங்கு குறைவு என்று ஒரு பலகையில் எழுதி வைத்துவிட்டால், “அண்ணே, எனக்கு மட்டும் பார்த்துப் போடுங்க” என்பவருக்கும் அந்தப் பலகையைக் காட்டலாம், உறவினருக்கும் அதையே காட்டலாம். கடன் கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருங்கள்: பத்தில் ஒரு பங்கு முற்பணத்தோடு பொருள் அவர் பெயரில் ஒதுக்கப்படும், மீதியைத் தந்ததும் எடுத்துச் செல்லலாம், நீங்கள் குடிபோகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு அந்த ஒதுக்கீடு முடிவடையும், அப்போது முற்பணம் திருப்பிக் கொடுக்கப்படும். பொருளைக் கொடுத்துவிட்டுக் கடனை வசூலிக்க ஹட்டனிலிருந்து திரும்பி வருவது உங்களுக்கும் அவருக்கும் சங்கடம்.

பணப்பெட்டியை மேசையில் வைக்காமல் ஒருவர் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளட்டும். 20, 50, 100 ரூபாத் தாள்கள் போதிய அளவு முன்னரே மாற்றி வையுங்கள். 5,000 ரூபாத் தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் பார்த்த பின்பே வாங்குங்கள். வங்கி மூலம் அனுப்பினேன் என்று தொலைபேசித் திரையைக் காட்டினால், உங்கள் கணக்கில் பணம் விழுந்ததை நீங்களே பார்க்கும்வரை பொருளைக் கொடுக்காதீர்கள். சமிக்ஞை கிடைக்காத தோட்டத்தில் இதை நம்பியிருக்காமல் இருப்பதே மேல்.

மிஞ்சியதை மீண்டும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். நல்ல புத்தகங்கள் தோட்டப் பாடசாலைக்கும், பெரிய அண்டா, கிடாரங்கள் கோயில் மடைப்பள்ளிக்கும் போகலாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் மண்சரிவிலும் வீடிழந்த குடும்பங்களில் எல்லோரும் இன்னும் நிலைபெற்றுவிடவில்லை. பாத்திரம், பாய், கம்பளி போன்றவை உங்கள் பகுதியில் யாருக்குத் தேவை என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களுக்குக் கொடுப்பதும் நீங்கள் பயன்படுத்தத் தயாரான தரத்தில் இருக்க வேண்டும். போத்தல், பழைய பத்திரிகை, தகரம் ஆகியவற்றை எடுக்க வருபவரைத் திங்கட்கிழமை வரச்சொல்லுங்கள். ஒட்டிய அறிவித்தல்களை அன்று மாலையே கழற்றிவிட்டு, மறுநாள் தந்தையோடு அலுவலகத்துக்குச் சென்று, பூட்டி வைத்த அறையில் உள்ள தோட்டத் தளபாடத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் காட்டி, முகாமையாளரின் கையொப்பத்துடன் ஒரு பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பணிக்கொடைக் கடிதங்கள் இருக்கும் கோப்பிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.